மரகதம் வீட்டுக்கு அடியில் பெய்த மழை

ஊரெல்லாம் மழை விட்டு, குடைகளையெல்லாம் மடித்துப் பரணில் போட்டு, தை பிறந்து மாசியும் பிறந்த பிறகு எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டுக்கு அடியில் மட்டும் விடாமல் மழை பெய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் ரோடு வளர்ந்ததைச் சொல்ல வேண்டும். தாம்பரம் தாண்டி, ரயில்வே கேட்டும் தாண்டி, வரதம்மாள் நகர் என்று பலகை வைத்த இடத்தில் இருக்கிறது எங்கள் தெரு. மற்ற ஊர்களில் பிள்ளைகள் வளரும், தென்னை வளரும். எங்கள் ஊரில் ரோடு வளரும். தேர்தலுக்கு முன்னால் ஒரு தடவை, தேர்தலுக்குப் பின்னால் ஒரு தடவை, குழாய்க்குத் தோண்டி மூடியதற்கு ஒரு தடவை என்று பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடுகளெல்லாம் படியிறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மலை உண்டாக லட்சக்கணக்கான வருஷம் ஆகும் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். எங்கள் கவுன்சிலருக்கு அவ்வளவெல்லாம் தேவைப்படவில்லை.

எங்களுக்கு எதிர்வீடு தணிகாசலம் வீடு. பஸ் கண்டக்டராக இருந்தவர். தெருவிலேயே அதிகப் பள்ளத்தில் கிடந்தது அவர் வீடுதான். மழைக்காலம் வந்தால் அவர் மனைவி மரகதம் சமையலறைக்குள் நின்று பக்கெட்டால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒரே மகள் செவ்வந்திக்குக் கல்யாணமாகி அவள் திண்டிவனத்துக்குப் போன கையோடு, வீட்டையே தூக்கிவிடுவது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். அரியானாவிலிருந்து ஆட்கள் வந்து அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவர்களுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருப்ப வேண்டும், ஒருவன் முந்தினாலும் சுவர் வாய் பிளந்துவிடும். அவர்கள் இந்தியில் எண்ணுவதைக் கேட்டுப் பொறுக்க முடியாமல் தணிகாசலம் பீரோவிலிருந்து தன்னுடைய பழைய விசிலை எடுத்துவந்து வாசலில் நின்று ஊதினார். ஒரு விசிலுக்கு ஒரு திருப்பு. உள்ளே மரகதம் குழம்பு வைத்துக்கொண்டிருக்க, அடுப்போடும் சாமி படங்களோடும் கொடியில் காய்ந்த துணியோடும் வீடு மெல்ல மெல்ல மேலே எழுந்தது. ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை என்று மரகதம் இன்றைக்கும் சொல்வார்.

வீடு ஜாக்கிகளின் மேல் நின்ற அந்த வாரத்தில்தான் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வேலையாட்கள் கொட்டகைக்குள் ஒதுங்கிவிட்டார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பெரிய மேகங்களிடமிருந்து தனியாகப் பிரிந்த ஒரு சின்ன மேகம், ஒரு எருமைக்கன்று அளவுதான் இருக்கும், தெருவோடு தாழ்வாக வந்து, எங்கள் கேட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டுக் கேட்டைப் பார்த்து, கடைசியில் தணிகாசலம் வீட்டுக்கு அடியில் இருந்த இடைவெளிக்குள் நுழைந்து படுத்துக்கொண்டது. கொட்டும் மழையில் ஒதுங்க வந்ததை யாராவது விரட்டுவார்களா? நானும் விரட்டவில்லை. இரண்டு நாள் வெயில் அடித்தபோது கொத்தனார்கள் அவசர அவசரமாக நாலு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, வீட்டை அதன் மேல் உட்கார வைத்து, உள்ளே மணல் கொட்டுவதற்காகப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு அருகில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு வாயை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். மணல் லாரி சேற்றில் மாட்டித் திரும்பிப் போனது. மணலை அப்புறம் கொட்டிக்கொள்ளலாம் என்று தணிகாசலம் சொன்னார். அப்புறம் என்பது எங்கள் தெருவில் சீக்கிரம் வருகிற நாள் இல்லை.

மார்கழியில் ஒரு நாள் மாலை நாலு மணிக்கு மரகதம் கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தபோது தரைக்கு அடியில் சடசடவென்று சத்தம் கேட்டது. எலி என்று நினைத்தார். பிறகு குமுறல் சத்தம் வந்து சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பின்பக்கம் போய் அந்த வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர், திரும்பி வந்து கணவரிடம், "நம்ம வீட்டுக்குக் கீழ மழை பெய்யுது" என்றார். தணிகாசலம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மேல பெய்யாத வரைக்கும் நல்லதுதானே" என்றார். அந்த அலட்சியத்தை மரகதம் அவருக்கு லேசில் மன்னிக்கவில்லை.

ஏனென்றால் ஈரம் மேலே வந்தது. தரை வியர்த்தது. உப்பு ஜாடியில் உப்பு தண்ணீரானது, பொரி நமுத்தது, தீக்குச்சி உரசினால் தீப்பெட்டி கரைந்தது. பீரோ கதவு உப்பிப் போய்த் திறக்க மறுத்தது. திறந்தால் பட்டுப்புடவைகளிலிருந்து குளத்து வாசனை வந்தது. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பச்சையாகப் பூத்ததைத் துடைத்துத் துடைத்து மரகதத்தின் கை ஓய்ந்தது. மாசி மாதத்தில் கீழே தவளைகள் கத்த ஆரம்பித்தன. வீட்டுக்கு வந்தவர்கள் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு பேசினார்கள்.

தெருவில் இருந்த நாங்கள் ஒவ்வொருவரும் எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னோம், சொல்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். நாலு மணிக்கு மறுபடி நிரம்பியது. கல்யாண மண்டபத்திலிருந்து பெரிய ஃபேன்களைக் கொண்டுவந்து அந்த வாய்க்கு நேராக வைத்துச் சுழலவிட்டார்கள்; மேகத்துக்குக் காற்று சுகமாக இருந்திருக்க வேண்டும், நன்றாகக் காலை நீட்டிப் படுத்தது. சுண்ணாம்புத் தூளைத் தூவினார்கள், கரி மூட்டை வைத்தார்கள், உமி கொட்டினார்கள், உமியெல்லாம் ஊறி முளைக்காத குறைதான். நலச்சங்கச் செயலாளர் எத்திராஜ் சாம்பிராணிப் புகை போடச் சொன்னார். புகையைக் குடித்து மேகம் இன்னும் கறுத்து, அன்றைக்கு இரண்டு வேளை பெய்தது. சுவரை இடித்து வழி விட்டுப் பார்க்கலாம் என்று தணிகாசலம் இரண்டு பக்கம் செங்கல்லை உருவினார். மேகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, செங்கல்லை மறுபடி அடுக்கிப் பூசிவிட்டார். "சார், நீங்க பருவமழைப் பாடம் எடுத்தவர்தானே, இது எப்ப போகும்?" என்று அவர் என்னைக் கேட்டார். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது என்று நான் பாடத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

பங்குனி வெயிலில் எல்லாம் தலைகீழானது. தெருக்குழாய்கள் வறண்டன, தண்ணீர் லாரி வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டியது. அப்போதுதான் என் மனைவி ஜெகதா ஒரு குடத்தோடு தணிகாசலம் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய், அந்த வாய்க்குள் கையை விட்டு மொண்டுகொண்டு வந்தாள். அந்தத் தண்ணீரில் பருப்பு பூப்போல வெந்தது. காபியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விஷயம் பரவி, தெரு முழுக்கக் குடம் தூக்கியது. எத்திராஜ் வரிசை வைத்து, எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். நாலு மணிக்குக் கீழே மழை தொடங்கும் சத்தம் கேட்டதும் பிளாஸ்டிக் குடங்கள் கொல்லைப்பக்கம் வரிசை கட்டும். வெளியே வெயிலில் தார் உருகும். நாங்கள் மரகதம் வீட்டுச் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, குளிர்ச்சியாக ஊர் வம்பு பேசிக்கொண்டிருப்போம். வீட்டைக் காய வைப்பதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செவ்வந்தியின் மாமியார் வேதவல்லி வந்தார். செவ்வந்திக்கு வயிற்றில் பிள்ளை. வைகாசியில் வளைகாப்பு, அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அதற்கு முன்னால் வீட்டை ஒரு கண் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் வேதவல்லி. கொஞ்சம் கறாரான மனுஷி. பேச்சில் சுற்றி வளைக்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். குனிந்து தரையைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். செவ்வந்திக்கென்று ஒதுக்கியிருந்த அறைக்குள் போய்ச் சுவரில் கையை வைத்தார். சுவர் அவர் கையை நனைத்தது. காபியைக்கூடக் குடிக்காமல் வாசலுக்கு வந்துவிட்டார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஈரத்துல எங்க பொண்ணை விட மாட்டேன். வீடு காயட்டும், சொல்லுங்க. காயலைன்னா பிரசவம் எங்க வீட்டுலதான்."

"அதுக்குள்ள காய வெச்சிடறோம் சம்பந்தி" என்றார் மரகதம்.

அன்று மாலை செவ்வந்தி போனில் அழுதாள். அத்தை தன்னைத் தங்கமாகத்தான் பார்த்துக்கொள்கிறார், அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வலி எடுக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அழுதாள். "எனக்கு பயமா இருக்கும்மா" என்று அவள் சொன்னதை மரகதம் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. நேராகக் கொல்லைப்பக்கம் வந்தார். அங்கே நாங்கள் குடங்களோடு உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். மரகதம் முதல் குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தார். அது எத்திராஜுடைய குடம்.

"உங்க வீட்டுல பருப்பு வேகணும்னு என் பொண்ணு அம்மா வீட்டுக்கு வராம இருக்கணுமா? ஒரே பொண்ணு. ஒரு தடவைதான் தலைப்பிரசவம். இந்த வீட்டைக் காய வெச்சுக் குடுங்க, இல்லேன்னா நாளையிலேர்ந்து ஒருத்தரும் இந்தப் பக்கம் குடத்தோட வரக் கூடாது."

யார் முகத்திலும் ஈயாடவில்லை. எத்திராஜ் தன்னுடைய குடத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். எனக்கும் வெட்கமாக இருந்தது. எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போகும்போது ஜெகதா மட்டும் மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாம இத்தனை நாள் அதை விரட்டத்தானே பார்த்தோம் மரகதம். மழையை யாராவது விரட்ட முடியுமா? கூப்பிடணும்."

"எப்படிக்கா கூப்பிடறது?"

"எப்படியா? வடாம் போட்டாதான்."

இதை நான் விளக்கத் தேவையில்லை. மாதக்கணக்கில் மழையே இல்லாத ஊரில், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிற நாளில், ஒருத்தி விடியற்காலையில் எழுந்து கூழ் கிண்டி மாடியில் வேட்டியை விரித்து வடாம் போட்டால் அன்றைக்கு எங்கிருந்தாவது ஒரு மேகம் வந்து சேரும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை என்றாலும், தமிழ்நாட்டில் சமையலறை வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கூப்பிடு தூரத்தில் படுத்திருக்கிற மேகம் வராமலா போகும்? தெருவே சுறுசுறுப்பானது. வெட்கப்பட்டதற்கெல்லாம் சேர்த்து நாங்கள் வேலை செய்தோம். ஜவ்வரிசியும் பச்சரிசி மாவும் பச்சை மிளகாயும் சீரகமும் எலுமிச்சம்பழமும் வாங்கி, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எங்கள் தெருவின் அத்தனை மொட்டை மாடிகளிலும் வேட்டிகளும் பழைய புடவைகளும் விரிந்து, வெள்ளை வெள்ளையாக வடாம் படர்ந்து, நாலு மூலையிலும் கல் வைத்து, காக்கைக்குக் கறுப்புத் துணியும் கட்டியாயிற்று. பிறகு அவரவர் மாடியில் குடை பிடித்துக்கொண்டு, தணிகாசலம் வீட்டுக் கொல்லையைப் பார்த்தபடி காத்திருந்தோம்.

ஒரு துளி விழவில்லை. அன்றைக்குக் காய்ந்தது போல வெயில் அந்த வருஷம் எந்த நாளும் காயவில்லை. மாலைக்குள் வடாமெல்லாம் துணியிலிருந்து தானாகக் கழன்று கலகலவென்று சத்தம் போட்டன. மறுநாளும் போட்டோம், அதற்கு மறுநாளும் போட்டோம். இந்தத் தெரு உருவான நாளிலிருந்து அப்படிப்பட்ட வடாம் யாருக்கும் வாய்த்ததில்லை; எண்ணெயில் போட்டால் வாணலியை மீறிப் பொரிந்தது. வீட்டுக்கு வீடு டின் டின்னாக அடுக்கி வைத்தோம். கீழே மேகம் நாலு மணிக்கு ஒழுங்காகப் பெய்துவிட்டு மறுபடி தூங்கியது.

"மழை வரணும்னு போட்டா மழை எப்படி வரும்?" என்றாள் ஜெகதா. தலையில் அடித்துக்கொண்டாள். "காயணும்னு உயிரைக் குடுத்துப் போட்டாதானே வரும்!"

இதைக் கேட்ட தணிகாசலம் மறுநாள் இன்னொரு வரிசை வடாம் போடச் சொல்லி, மாடி விளிம்பில் நின்று கீழே பார்த்து, "ஐயோ, வடாம் காயணுமே! மழை கிழை வந்துடப் போகுது! மழையே, வந்துடாதே!" என்று பஸ் நிலையம் முழுக்கக் கேட்கிற குரலில் கூவினார். மேகத்துக்கு அவ்வளவு சுலபமாக டிக்கெட் கொடுத்துவிட முடியுமா? அது காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எங்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது, இனிமேல் நாங்கள் யார் போட்டாலும் அது பொய் வடாம்தான். விஷயம் தெரியாத ஒருத்தர் வேண்டும். வடாம் நனைந்தால் வயிறு எரிகிறவராக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆள் யார் என்று யோசித்தபோது எல்லாருக்கும் ஒரே முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. சொல்லத்தான் பயமாக இருந்தது.

மரகதமே போன் செய்தார். "சம்பந்தி, செவ்வந்திக்கு உங்க கை வடாம்தான் வேணுமாம், நாக்கு கேக்குதாம். உங்க மாடியில மாமர நெழல் விழுதுன்னு சொன்னீங்க. இங்க எங்க மாடியில நல்ல வெயில். ஒரு எட்டு வந்து போட்டுக் குடுத்துட்டுப் போங்களேன்." பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் போனை வைத்தபின் அவர் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். செவ்வந்தி வடாம் கேட்டது என்னவோ நிஜம்தான்.

வேதவல்லி முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டார், வீட்டிலேயே இடித்துச் சலித்த மாவோடும் சொந்தப் பாத்திரத்தோடும். ஈரத்துக்கு முகம் சுளித்தார், தவளைச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து கூழ் கிண்டினார். யாரையும் கரண்டியைத் தொட விடவில்லை. கிழக்கு வெளுத்ததும் மாடிக்குப் போய், புது வேட்டியை விரித்து, மண்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், ஓரம் தடிக்காமல், ஒரு கோலம் போடுகிற நிதானத்தில் ஊற்றி முடித்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எதிர்மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நின்ற நான் அதைப் பார்த்தேன். பார்த்ததும், இந்த அம்மாளை இப்படி ஏமாற்றலாமா என்று தோன்றியது.

வெயில் நன்றாக ஏறிய நேரத்தில் தணிகாசலம் வீட்டுக் கொல்லையில் தவளைகள் சட்டென்று நிறுத்தின. துவைக்கிற கல்லின் மேல் முதலில் புகை மாதிரி ஒரு நுனி வந்தது. பிறகு தோள், பிறகு உடம்பு. மாதக்கணக்கில் தின்றுவிட்டுப் படுத்திருந்ததில் பெருத்துப்போயிருந்ததால் அந்த வாயில் சிக்கி, திமிறி, பிதுங்கி ஒருவழியாக வெளியே வந்தது. மழைத்தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறி, சமையலறை ஜன்னலைத் தாண்டி, கைப்பிடிச் சுவரில் ஒரு நிமிஷம் தங்கி மூச்சு வாங்கியது. மாடியை மோந்து பார்த்தது. அப்புறம் வேதவல்லியின் வேட்டிக்கு நேர் மேலே போய் நின்று விரிந்தது. தெருவில் அவரவர் இடத்தில் ஒளிந்து நின்ற நாங்கள் கை தட்டாத குறை. எத்திராஜ் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

வேதவல்லி அதைக் காக்கையை விரட்டுவதைப் போலத் துண்டை வீசி விரட்டினார். "போ! அந்தாண்ட போ! வேற எடமே கெடைக்கலையா உனக்கு?" மேகம் இடித்தது. அவர் துண்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து, முந்தானையை அவிழ்த்து வடாத்தின் மேல் விரித்து, அது போதாமல் தானே குனிந்து கைகளை விரித்து மறைத்தார். முதல் துளிகள் அவர் முதுகில் விழுந்தன. முதுகு எவ்வளவு அகலம்தான் இருக்கும்? "ஐயோ, புள்ளத்தாச்சி கேட்டதாச்சே, நனையுதே, யாராவது வாங்களேன்!" என்று கத்தினார்.

எப்படி ஓடினோம் என்று எனக்கே தெரியாது. இத்தனை நாள் திட்டம் போட்டுக் காத்திருந்தது இந்த மழைக்குத்தான், ஆனால் அந்தக் கத்தலைக் கேட்டதும் ஒருவருக்கும் திட்டம் ஞாபகம் இல்லை. ஜெகதா அடுப்பை அணைக்காமல் ஓடினாள். எத்திராஜ் தன் காரை மூடியிருந்த உறையை உருவிக்கொண்டு ஓடினார். நான் இரண்டு குடைகளோடு, முட்டி வலியையும் மறந்து, படிகளைத் தாவி ஏறினேன். மாடியில் எனக்கு முன்னாலேயே மரகதம் வேட்டியின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். பொண்ணுக்காகத் தவம் கிடந்து வரவழைத்த மழை, அதைப் பார்த்து, "நின்னு தொலையேன் சனியனே!" என்று திட்டிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, வேட்டியோடு வடாத்தை மாடிப்படி அறைக்குள் கொண்டு சேர்த்தோம். பாதி தேறியது. மேகம் மிச்சம் மீதி இல்லாமல் தன்னையே பிழிந்து கொட்டிவிட்டு, வெளுத்து, மெலிந்து, காற்று வாக்கில் கிழக்கே போனது. கீழே சத்தமே இல்லை.

படியறையில் தெருவே நனைந்து நின்றது. மரகதத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"உங்களை ஏமாத்திட்டேன் சம்பந்தி. கீழ இருக்கற மழை வெளிய வரணும்னுதான் உங்களைப் போடச் சொன்னேன். உங்களுக்குத் தெரியாதுன்னு—"

"தெரியுமே" என்றார் வேதவல்லி. ஈர முந்தானையைப் பிழிந்தபடி சாதாரணமாகத்தான் சொன்னார். "ஒரு தெருவே வடாம் போட்டது திண்டிவனம் வரைக்கும் வராதா? செவ்வந்தியே சொன்னா."

ஜெகதா வாயைப் பிளந்தாள். "தெரிஞ்சு போட்டா வராதேம்மா! நாங்க போட்டதெல்லாம்..."

"வரட்டும்னுதான் நானும் நெனைச்சுக்கிட்டே உக்காந்தேன். கூழ் கிண்டறப்போ நெனைச்சேன், ஊத்தறப்போ நெனைச்சேன். நனைஞ்சா நனையட்டும், வீடு காயட்டும்னு. ஆனா கடைசிவரைக்கும் மனசு கேக்கலை. அந்தப் பொண்ணு வாய் விட்டு எதையும் கேக்காது. இந்த ஒண்ணைத்தான் கேட்டுச்சு. அது நனையணும்னு எனக்கு நெனைக்க வரலை."

மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியை ஏதோ புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "இவ்வளவு பாசம் வெச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் சம்பந்தி எங்கிட்ட அனுப்ப மாட்டேன்னீங்க?"

வேதவல்லி நனையாத வடாமாகப் பார்த்துப் பொறுக்கித் தனியே வைத்துக்கொண்டே பதில் சொன்னார். "எனக்கும் தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான். ஐப்பசி மாசம். தரையெல்லாம் ஊத்து. கொழந்தைக்குச் சளி கட்டிக்கிச்சு. பேர் வைக்கறதுக்குள்ள போயிடுச்சு." அடுத்த வடாத்தை எடுத்தார். "எம்புள்ள அதுக்கப்புறம் பொறந்தவன். அவனுக்கே தெரியாது."

மரகதம் அவர் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேருமாகப் பொறுக்கினார்கள். பிறகு மரகதம், "வளைகாப்பு முடிஞ்சு அவளைக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிடாதீங்க. நீங்களும் இங்கயே இருங்க. ரெண்டு பேருமா பார்த்துக்கலாம்" என்றார்.

"நல்லா இருக்கே! பையனைப் பெத்தவ சம்பந்தி வீட்டுல மாசக்கணக்கா உக்காந்தா ஊர் என்ன பேசும்?"

"ஊர் இதோ நிக்குதே, கேளுங்க" என்றார் தணிகாசலம்.

வேதவல்லி நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நாங்கள் நின்றோம். எத்திராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார். "இருங்கம்மா. சங்கத்துல தீர்மானமே போட்டுடறோம்." அப்போதுதான் வேதவல்லி சிரித்தார். அந்த முகம் சிரிக்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

சித்திரை வெயில் அந்த வாய் வழியாக உள்ளே புகுந்து, தேங்கியிருந்ததை உறிஞ்சி, சேற்றைப் பாளம் பாளமாக வெடிக்க வைத்தது. தவளைகள் தாங்களாகவே ஒருநாள் வரிசையாக ஏரிப்பக்கம் கிளம்பிப் போயின. தரை வியர்ப்பது நின்றது, உப்பு உப்பாக இருந்தது, பீரோ கதவு ஒரு விரலுக்குத் திறந்தது. மணல் லாரி வந்தபோது தெருவே மண்வெட்டியும் பாண்டுமாக நின்று, அந்த இடைவெளியை ஒரு மூலை விடாமல் கொட்டி நிரப்பியது. தண்ணீருக்கு நாங்கள் பழையபடி லாரியைத் துரத்தினோம். காபி மட்டமாகிப்போனதைப் பற்றி மரகதம் காதுபட ஒருத்தரும் பேசவில்லை.

வைகாசியில் வளைகாப்பு முடிந்து ஒரு கார் வந்து நின்றது. இரண்டு கையிலும் வளையல் குலுங்க செவ்வந்தி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வேதவல்லி, இரண்டு பெரிய பைகளோடு இறங்கினார். நேராக அறைக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார், பிறகு பைகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார். ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. வேதவல்லி ஆடி முடியட்டும் என்றார், ஆவணி முடியட்டும் என்றார், கடைசியில் எதற்காகத் தங்கியிருக்கிறார் என்று எங்களுக்கும் புரிந்தது, யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி முழுக்க விடாமல் மழை. குழந்தைக்குச் சளி பிடிக்கவில்லை.